நிறுவனம் இட்ட பணத்தை வரிக்கணக்கில் எங்கே காட்டுவது?

பிப்ரவரி பிறந்ததும் நம் மருத்துவமனையின் கட்டண உதவி மேசைக்கு வருவோர் கையில் மருத்துவப் பட்டியலோடு இன்னொரு தாளும் சேர்ந்துகொள்கிறது. பணிபுரியும் நிறுவனம் அனுப்பிய டபிள்யூ-2 படிவம் அது. அதன் 12ஆம் பெட்டியில் ‘டபிள்யூ’ என்ற ஓர் எழுத்தும், அதனருகே சில ஆயிரம் டாலர் என ஒரு தொகையும் அச்சிடப்பட்டிருக்கும். “இந்தப் பணம் என் கைக்கு வரவே இல்லையே, அத்தனையும் மருத்துவமனைக்குத்தானே போயிற்று, இதற்கும் வரி உண்டா?” என்பதே பெரும்பாலோர் எழுப்பும் வினா.

விடை சுருக்கமானது. வரி இல்லை, ஆனால் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குக் காட்டாது விட்டால், வரியே இல்லாத பணத்துக்கு வரி கேட்டுக் கடிதம் வரும். சிகிச்சைக்கு நடுவே அப்படியொரு கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் குடும்பத்தின் நிலை எளிதானதன்று. ஆகவே இவ்விதழில் உடல்நலச் சேமிப்புக் கணக்கைப் பற்றியும், அதில் நிறுவனம் இடும் பணத்தை 2025ஆம் ஆண்டுக்கான வரிக்கணக்கில் காட்டும் முறையைப் பற்றியும் விளக்க முற்படுகிறோம். கணக்குத் தாக்கல் செய்ய இறுதி நாள் 2026 ஏப்ரல் 15.

ஹெச்.எஸ்.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் உடல்நலச் சேமிப்புக் கணக்கு 2003ஆம் ஆண்டின் மெடிகேர் சீர்திருத்தச் சட்டத்தால் உருவாகி, 2004 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. டிடக்டிபிள் மிகுதியாக உள்ள காப்பீட்டுத் திட்டத்தில் இருப்போர்க்கே இக்கணக்கு உரியது. டிடக்டிபிள் என்பது காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்குமுன் நாமே சுமக்க வேண்டிய செலவு. 2025இல் அது தனிநபர்க்குக் குறைந்தது 1,650 டாலராகவும் குடும்பத்துக்கு 3,300 டாலராகவும் இருந்தால்தான் அத்திட்டம் தகுதி பெறும். அந்தச் சுமையைத் தாங்குவதற்காகச் சேர்த்து வைக்கும் பணமே ஹெச்.எஸ்.ஏ. பணம். ஆண்டு முடிந்தாலும் அது அழிவதில்லை. வேலை மாறினாலும் நம்மோடு வருகிறது. செலவுக் கணக்கு எனப்படும் எஃப்.எஸ்.ஏ. வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர். கணவன் அல்லது மனைவியின் அலுவலகத்தில் பொது மருத்துவச் செலவுக்கான எஃப்.எஸ்.ஏ. ஒன்று இருக்குமாயின், அதிலிருந்து நம் செலவுக்கும் பணம் பெற இயலும் என்பதாலேயே, நாம் ஹெச்.எஸ்.ஏ.வில் பணம் இடும் தகுதியை இழக்க நேரிடும். பல், கண் செலவுக்கு மட்டுமான எஃப்.எஸ்.ஏ.வால் இந்த இடர் இல்லை.

2025க்கான உச்ச வரம்பு தனிநபர்க்கு 4,300 டாலர், குடும்பத்துக்கு 8,550 டாலர். 55 வயது நிறைந்தவர் மேலும் 1,000 டாலர் சேர்க்கலாம். 2026க்கு இவை 4,400 டாலராகவும் 8,750 டாலராகவும் உயர்ந்துள்ளன. நாம் இடுவது, நிறுவனம் இடுவது, பெற்றோரோ பிறரோ நமக்காக இடுவது ஆகிய யாவும் இந்த ஒரே வரம்புக்குள் அடங்க வேண்டும். ‘நிறுவனம் கொடுத்தது தனி, நான் போட்டது தனி’ என்று எண்ணியே பலர் வரம்பு மீறுகின்றனர்.

‘டபிள்யூ’ என்ற எழுத்துக்குள் இருப்பவை

மயக்கத்தின் வேர் இங்கேதான் உள்ளது. 12ஆம் பெட்டியில் இவ்வெழுத்துக்கு எதிரே உள்ள தொகையைப் படிவம் ‘நிறுவனத்தின் பங்களிப்பு’ என்றே குறிக்கிறது. உண்மையில் அதற்குள் இரண்டு பணம் கலந்திருக்கும். ஒன்று, நிறுவனம் தன் கையிலிருந்து கொடுத்தது. மற்றொன்று, வரி பிடிக்குமுன் நம் சம்பளத்திலிருந்து நாமே ஒதுக்கச் சொன்னது. பின்னதும் நம் உழைப்பின் பணம்தான். ஆயினும் அலுவலகத்தின் நலத்திட்டம் வழியாக, வரிக்கு முன்பே கழிக்கப்பட்டுச் செல்வதால், சட்டத்தின் கண்ணுக்கு அதுவும் நிறுவனம் இட்ட பணமே.

இப்படிக் கழிக்கப்பட்ட தொகை 1ஆம் பெட்டியில் உள்ள சம்பளத்தில் சேர்ந்திராது. அதாவது வரி விலக்கு முன்னரே கிடைத்துவிட்டது. சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் சம்பளத்தில் பிடிக்கும் 7.65 விழுக்காடும் அத்தொகைக்கு இல்லை. வங்கியிலிருந்து நாமே காசோலை எழுதி ஹெச்.எஸ்.ஏ.வில் போடும்போது வருமான வரி மட்டுமே மிச்சமாகும், இந்த 7.65 விழுக்காடு திரும்பி வாராது. வாய்ப்பிருப்போர் சம்பளத்தின் வழியாகவே செலுத்துவது நன்று என்று நாங்கள் கூறுவது இதனால்தான்.

இப்போது வரிப்படிவத்துக்கு வருவோம். இதற்கென உள்ளது படிவம் 8889. கணக்கில் பணம் போடப்பட்டிருந்தாலும், நாமே போடாமல் நிறுவனம் மட்டும் போட்டிருந்தாலும், பணம் எடுக்கப்பட்டிருந்தாலும் இதனை 1040 படிவத்தோடு இணைத்தாக வேண்டும். கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தால் படிவமும் இரண்டு.

2ஆம் வரி, நாமே நேரடியாக இட்ட பணத்துக்கு மட்டும் உரியது. 9ஆம் வரி, நிறுவனத்தின் பங்களிப்புக்கு உரியது. ‘டபிள்யூ’ தொகை இங்கே வரும். சம்பளத்தில் கழிந்ததை 2ஆம் வரியில் எழுதிவிடுவதே நாங்கள் அடிக்கடி காணும் பிழை. வரி மென்பொருள் “நீங்கள் ஹெச்.எஸ்.ஏ.வில் எவ்வளவு போட்டீர்கள்?” என்று கேட்கும், நாமும், “நான்தானே போட்டேன்” என்று சம்பளச் சீட்டைப் பார்த்து எண்ணைத் தட்டிவிடுவோம்.

ஓர் எடுத்துக்காட்டால் இதன் விளைவைக் காட்டலாம். குடும்பக் காப்பீட்டில் ஆண்டு முழுதும் இருந்த ஒருவர். வயது 55க்குக் கீழ். நிறுவனம் அவர் கணக்கில் 1,500 டாலர் இட்டது. மாதம் இருமுறை வரும் சம்பளத்தில் 150 டாலர் வீதம் 24 முறை கழிந்து 3,600 டாலர் சேர்ந்தது. ஆகவே ‘டபிள்யூ’க்கு எதிரே 5,100 என்றிருக்கும். 9ஆம் வரியில் 5,100 என்றெழுதி, 2ஆம் வரியை வெறுமையாக விட்டால் கணக்கு முடிந்தது. கழிவும் இல்லை, வரியும் இல்லை. வரம்பான 8,550இல் இன்னும் 3,450 டாலருக்கு இடமும் உண்டு. அவர் விரும்பினால் 2026 ஏப்ரல் 15க்குள் 1,000 டாலரைத் தம் வங்கியிலிருந்து 2025க்கென இட்டு, அதனை மட்டும் 2ஆம் வரியில் காட்டி, 1,000 டாலர் கழிவு பெறலாம். ‘இது 2025க்கு உரியது’ என்று கணக்கை வைத்திருக்கும் நிதி நிறுவனத்திடம் தெளிவாகச் சொல்லிப் போட வேண்டும். சொல்லாவிடின் அவர்கள் 2026இல் வரவு வைத்துவிடுவர்.

அவரே 3,600ஐ 2ஆம் வரியிலும் எழுதினால் என்னாகும்? மொத்தம் 8,700 டாலர் போட்டதாகப் படிவம் எண்ணிக்கொள்ளும். 3,450 டாலருக்குப் பொய்யான கழிவு கிடைக்கும். 22 விழுக்காட்டு வரிப்படியில் இருப்பவர்க்கு இது 759 டாலர். நமக்கு உரியதல்லாத பணம், பின்னர் வட்டியோடு கேட்கப்படும். அதே வேளையில் 150 டாலர் வரம்பு மீறியதாகவும் அதற்கு 6 விழுக்காடு அபராதம் என்றும் மென்பொருள் கூறும். உண்மையில் வரம்பு மீறவே இல்லை. மென்பொருள் அபராதம் என்று எச்சரிக்கும்போது அஞ்சிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிடாமல், முதலில் 2ஆம் வரியைத் திரும்பிப் பாருங்கள்.

ஆண்டின் நடுவே வேலை மாறியவர்க்கு இரண்டு டபிள்யூ-2 வரும். இரண்டிலும் உள்ள ‘டபிள்யூ’ தொகைகளைக் கூட்டியே 9ஆம் வரியில் எழுத வேண்டும். புதிய நிறுவனத்துக்குப் பழைய நிறுவனம் எவ்வளவு இட்டது என்று தெரியாது. வரம்பைக் காக்க வேண்டியவர் நாமே.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில நிறுவனங்கள் முந்தைய ஆண்டுக்கான பங்களிப்பை அடுத்த ஜனவரிக்கும் ஏப்ரல் 15க்கும் இடையே இடும். அப்படியாயின் டபிள்யூ-2இல் உள்ள எண்ணை அப்படியே எடுத்தெழுத இயலாது. 2024க்கென 2025இல் இட்டதைக் கழித்து, 2025க்கென 2026இல் இட்டதைக் கூட்டி எழுத வேண்டும். 8889இன் விளக்கக் கையேட்டில் இதற்கென ஒரு சிறு கணக்குத்தாள் உள்ளது. ‘டபிள்யூ’ எண்ணே தவறாயிருப்பின் நாமாக மாற்றி எழுதக்கூடாது; சம்பளப் பிரிவிடம் டபிள்யூ-2சி எனும் திருத்தப் படிவம் கேட்டுப் பெற வேண்டும்.

பணம் எடுத்ததையும் சொல்ல வேண்டும்

மருத்துவமனையில் ஹெச்.எஸ்.ஏ. அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அது ‘எடுப்பு’ எனப் பதிவாகிறது. ஆண்டிறுதியில் நிதி நிறுவனம் அவற்றின் மொத்தத்தை 1099-எஸ்.ஏ. என்ற படிவத்தில் நமக்கும் வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.க்கும் அனுப்புகிறது. அந்தப் படிவத்தில் தொகை இருக்கும். எதற்குச் செலவானது என்பது இராது. அறுவை சிகிச்சைக்குப் போயிற்றா, தொலைக்காட்சி வாங்கப் போயிற்றா என்று ஐ.ஆர்.எஸ்.க்குத் தெரியாது. அதனை நாம்தான் 8889இன் இரண்டாம் பகுதியில் சொல்ல வேண்டும். 14ஆம் வரியில் எடுத்த மொத்தம். 15ஆம் வரியில் தகுதியுள்ள மருத்துவச் செலவு. இரண்டும் சமமானால் வரி ஏதுமில்லை.

இப்படிவத்தை இணைக்க மறந்தால், எடுத்த பணம் முழுவதையும் மருத்துவமல்லாத செலவாகக் கருதி, வருமான வரியோடு 20 விழுக்காடு கூடுதல் வரியும் முன்மொழிந்து சி.பி. 2000 என்ற கடிதம் வரக்கூடும். அக்கடிதம் இறுதித் தீர்ப்பன்று, ஒரு முன்மொழிவே. அதில் குறித்த நாளுக்குள், உடன்படவில்லை என்று குறித்து, நிரப்பிய 8889ஐ இணைத்துப் பதில் அனுப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பேசாமல் இருந்துவிடுவதுதான் கேடு. நோயாளி படுக்கையில் இருக்கும் காலத்தில் தபாலைப் பிரித்துப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரசீதுகளை வரிக்கணக்கோடு அனுப்ப வேண்டியதில்லை. வீட்டில் காக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் ‘இ.ஓ.பி.’ விளக்கத்தாளும், எங்கள் பட்டியலும், பணம் கட்டிய சான்றும் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு செலவு முழுமையாக நிறுவப்படும். கணக்கு தொடங்கிய பின் நேர்ந்த செலவாயிருப்பின், அதை ஈடுசெய்யக் காலக்கெடு இல்லை. இன்று கைப்பணத்தில் கட்டியதைச் சில ஆண்டு கழித்தும் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஹெச்.எஸ்.ஏ.வில் எடுத்த அதே செலவை, ஷெட்யூல் ஏ-யில் மருத்துவக் கழிவாக மீண்டும் காட்டுதல் மட்டும் கூடாது.

மருத்துவமனை திருப்பித் தரும் பணத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அட்டையில் 900 டாலர் கட்டியபின், காப்பீடு அதில் 600 டாலரை ஏற்றுக்கொண்டது என வைத்துக்கொள்வோம். நாங்கள் 600 டாலரைத் திருப்பித் தருகிறோம். அட்டைக்கே திரும்பினால் நன்று. காசோலையாக வந்தால், அதை வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாகாது. அந்த 600 டாலர் இப்போது மருத்துவச் செலவு அல்ல. தவறுதலாக எடுக்கப்பட்ட பணம் என்று நிதி நிறுவனத்திடம் கூறி, கணக்கில் திரும்பச் செலுத்த வேண்டும். பிழை தெரியவந்த ஆண்டுக்கு அடுத்த ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. ஆனால் திரும்ப ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நிதி நிறுவனத்தைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே காப்பீட்டின் விளக்கத்தாள் வருமுன் அவசரப்பட்டு அட்டையைத் தேய்க்காதிருப்பதே நலம். கட்டணம் வாங்கும் பிரிவில் இருந்துகொண்டு நாங்களே இதைச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் உண்மை அதுவே.

அறுபத்தைந்தை நெருங்குவோர் கவனத்துக்கு

எல்லாவற்றிலும் மிகுதியான பணத்தை இழக்கச் செய்யும் கண்ணி மெடிகேர்தான். மெடிகேரில் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து ஹெச்.எஸ்.ஏ.வில் இடக்கூடிய தொகை சுழியம். முன்னரே சேர்ந்த பணத்தைச் செலவழிக்கத் தடையில்லை. புதிதாக இடத்தான் தடை. 65 வயதுக்குப் பின்னும் வேலையில் தொடர்ந்து, நிறுவனக் காப்பீட்டிலேயே இருந்து, மெடிகேரைத் தள்ளிப்போட்டவர்கள் பணம் இட்டுக்கொண்டே இருக்கலாம். இதுவரை சரி.

இடர் எங்கே வருகிறதெனில், நோய் காரணமாக வேலையை விட எண்ணி, சோஷியல் செக்யூரிட்டிக்கோ மெடிகேருக்கோ விண்ணப்பிக்கும்போது. 65 கடந்தவர் விண்ணப்பித்தால், கட்டணமில்லாத மெடிகேர் ‘ஏ’ பகுதி, விண்ணப்பித்த மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பின்னோக்கித் தொடங்கும். 65 நிறைந்த காலத்துக்கு முன்னே மட்டும் செல்லாது. வேண்டாமென்று இந்தப் பின்னோக்கிய பாதுகாப்பை மறுக்க இயலாது.

67 வயதான ஒருவர் 2025 அக்டோபரில் விண்ணப்பித்தார் என்போம். அவர் மெடிகேர் ஏப்ரல் 1 முதல் தொடங்கியதாகக் கொள்ளப்படும். ஜனவரி முதல் மார்ச் வரையான மூன்று மாதமே அவர்க்குத் தகுதி. தனிநபர் வரம்பு 4,300, வயதுக்கான 1,000, ஆக 5,300 டாலரில் பன்னிரண்டில் மூன்று பங்கு 1,325 டாலர். அவர் நிறுவனமோ ஆண்டு முழுதும் இட்டு ‘டபிள்யூ’வில் 3,000 என்று காட்டியிருக்கிறது. 1,675 டாலர் மிகை. யாரும் தவறு செய்யவில்லை. நிறுவனம் இட்டபோது சரியாகவே இட்டது. ஆயினும் மிகை மிகையே.

இந்த மிகைக்கு முன்னர் வரி பிடிக்கப்படவில்லை; 1ஆம் பெட்டியிலும் இல்லை. ஆகவே அந்த 1,675 டாலரை வரிக்கணக்கில் ‘பிற வருமானம்’ எனக் காட்ட வேண்டும். அதோடு, தாக்கல் நாளுக்குள், நீட்டிப்புப் பெற்றிருந்தால் அந்நாளுக்குள், மிகையையும் அது ஈட்டிய வருவாயையும் கணக்கிலிருந்து திரும்பப் பெற்றுவிட்டால் 6 விழுக்காட்டு அபராதம் இல்லை. திரும்பப் பெறும்போது வழக்கமான எடுப்பாக எடுத்தல் கூடாது. ‘மிகைப் பங்களிப்பைத் திரும்பப் பெறுதல்’ என்ற தனிப் படிவத்தை நிதி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். விட்டுவிட்டால் அந்த 6 விழுக்காடு ஒரு முறையோடு தீராது. மிகை கணக்கில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் 5329 படிவத்தில் கட்ட வேண்டி வரும்.

எனவே மெடிகேருக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அதற்கு ஆறு மாதம் முன்பே சம்பளப் பிரிவிடம் சொல்லி ஹெச்.எஸ்.ஏ. பங்களிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். நோய் முன்னறிவித்து வருவதில்லை என்பதை அறிவோம். முன்கூட்டியே நிறுத்த இயலாமற்போனவர்கள், மெடிகேர் அட்டையில் உள்ள தொடக்க நாளைப் பார்த்து மேற்கண்ட கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

வேலை இழந்தோர்க்கு இரண்டு குறிப்புகள். கோப்ரா காப்பீட்டுக்கான பிரீமியத்தை ஹெச்.எஸ்.ஏ.விலிருந்து கட்டலாம், பொதுவாகப் பிரீமியம் கட்டக்கூடாது என்ற விதிக்கு இது விலக்கு. 65 நிறைந்தோர் மெடிகேர் பிரீமியத்தையும் கட்டலாம், மெடிகேப் எனப்படும் துணைக் காப்பீட்டைத் தவிர. அடுத்தது, டிசம்பர் 1 அன்று தகுதி பெற்றிருந்ததால் முழு ஆண்டு வரம்பையும் பயன்படுத்தியவர், அடுத்த ஆண்டு முழுதும் அத்தகுதியில் நீடிக்க வேண்டும். இடையில் திட்டத்தை விட்டால், மிகுதியாக இட்டது வருமானமாகி 10 விழுக்காடு கூடுதல் வரியும் சேரும். உடல் இயலாமையாலோ இறப்பாலோ நின்றுபோனால் இந்தத் தண்டனை இல்லை. நோயால் வேலை செய்ய இயலாத நிலை சட்டப்படி இயலாமையாகுமா என்பதை வரி ஆலோசகரிடம் கேட்டறிவது பயன் தரும்.

யார் யாருக்குச் செலவிடலாம்

தமக்கு, வாழ்க்கைத்துணைக்கு, வரிச்சட்டப்படி தம்மைச் சார்ந்தோர்க்கு. காப்பீட்டு அட்டையில் பெயர் இருக்கிறதா என்பதன்று அளவுகோல். 26 வயது வரை மகள் நம் காப்பீட்டில் இருக்கலாம். ஆனால் 24 வயதில் வேலைக்குப் போய்த் தன் காலில் நிற்பவளின் மருத்துவப் பட்டியலை நம் ஹெச்.எஸ்.ஏ.விலிருந்து கட்ட இயலாது.

நம் வாசகர் பலர் கேட்பது பெற்றோரைப் பற்றி. கிரீன் கார்டு பெற்று இங்கே வாழும் தாய் தந்தையரின் செலவில் பாதிக்கு மேல் நாம் தாங்கினால், அவர்களுக்குச் சற்று வருமானம் இருந்தபோதிலும், ஹெச்.எஸ்.ஏ. பணத்தை அவர்களுக்குச் செலவிடலாம். சென்னையிலோ மதுரையிலோ வாழும் இந்தியக் குடிமக்களான பெற்றோர்க்கு, மாதந்தோறும் நாமே பணம் அனுப்பினாலும், இயலாது. சார்ந்தோர் எனப்படுவோர் அமெரிக்கக் குடிமகனாகவோ, இங்கு வசிப்பவராகவோ, கனடா, மெக்சிகோ நாடுகளில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும் என்பது விதி. வாழ்க்கைத்துணைக்கு மட்டும் இவ்வெல்லை இல்லை. அவர் எங்கிருந்தாலும் அவர் சிகிச்சைக்குக் கொடுக்கலாம்.

ஊருக்குப் போயிருக்கையில் நாமே அங்குப் பல் கட்டிக்கொண்டாலோ மருத்துவம் பார்த்துக்கொண்டாலோ அது தகுதியுள்ள செலவே; ரசீதை மட்டும் வாங்கி வாருங்கள். அங்கே மருத்துவர் எழுதித் தந்து அங்கேயே உட்கொண்ட மருந்தும், இரு நாட்டிலும் சட்டத்துக்கு உட்பட்டதாயின், சேரும். பெட்டியில் ஆறு மாதத்துக்கு வாங்கி வரும் மருந்து பொதுவாகச் சேராது.

கலிபோர்னியா, நியூ ஜெர்சி மாநிலங்களில் வாழ்வோர்க்குத் தனியாக ஒரு சொல். இவ்விரு மாநிலங்களும் ஹெச்.எஸ்.ஏ.வின் வரி விலக்கை ஏற்பதில்லை. கூட்டரசு வரியில் விலக்குப் பெற்ற ‘டபிள்யூ’ தொகை, மாநில வரியில் சம்பளமாகவே எண்ணப்படும். டபிள்யூ-2இன் 16ஆம் பெட்டியில் உள்ள மாநிலச் சம்பளம் 1ஆம் பெட்டியைவிடக் கூடுதலாயிருப்பதைக் கண்டு பிழை என்று எண்ண வேண்டா. கணக்குக்குள் சேரும் வட்டியும் ஈவுத்தொகையும் கூட அங்கே வரிக்கு உட்பட்டவை.

கணக்கு உரியவர் மறைந்தால்

எழுதத் தயங்கிய பகுதி இது. ஆயினும் உதவி மேசைக்கு வரும் குடும்பங்களுக்கு இது தெரியாமையால் நேர்ந்த இழப்பைக் கண்டபின் விட மனமில்லை. கணக்கில் வாரிசாக வாழ்க்கைத்துணையின் பெயர் இருந்தால், கணக்கு அப்படியே அவருடையதாகிவிடும், வரி ஏதுமில்லை. மகனோ மகளோ பிறரோ வாரிசாயின், இறந்த நாளோடு அது ஹெச்.எஸ்.ஏ.வாக இருப்பது நின்றுவிடும். அன்றிருந்த மதிப்பு முழுதும் அவ்வாண்டில் வாரிசின் வருமானம். 20 விழுக்காட்டுக் கூடுதல் வரி மட்டும் இல்லை. பெயரே எழுதாமல் விட்டுச் சொத்துக்கணக்குக்குப் போனால், மறைந்தவரின் இறுதி வரிக்கணக்கில் வருமானமாகச் சேரும்.

இதில் ஒரு சலுகை உண்டு. மறைந்தவரின் இறுதிச் சிகிச்சைச் செலவை, மறைந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்த வாரிசு கட்டினால், அத்தொகையைத் தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். எங்களிடமிருந்து வரும் கடைசிப் பட்டியல்கள் சில மாதம் தாழ்ந்தே வரும் என்பதால், அந்த ஓராண்டை மனத்திற்கொள்ளுங்கள். மறைந்தவரின் கணக்கில் அவ்வாண்டு நிறுவனம் பணம் இட்டிருந்தால், இறுதி வரிக்கணக்கிலும் அவர் பெயரில் 8889 வேண்டும். வாரிசுப் பெயர் எழுதப்பட்டுள்ளதா என்பதை நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். இந்த இதழைக் கீழே வைத்ததும் செய்யத்தக்க வேலை அது.

உதவி மேசைக்கு வருவோர் டபிள்யூ-2, 1099-எஸ்.ஏ., ஆண்டின் கடைசிச் சம்பளச் சீட்டு, மெடிகேரில் இருப்பின் அதன் அட்டை ஆகியவற்றைக் கொணர்க. 2025இல் கட்டிய தொகைகளின் ஆண்டுப் பட்டியலை நாங்கள் அச்சிட்டுத் தருவோம். 15ஆம் வரிக்கு அது உதவும். வரிப்படிவத்தை நாங்கள் நிரப்பித் தருவதில்லை. கணக்கில் இட்ட பணத்தைக் காட்டும் 5498-எஸ்.ஏ. படிவம் மே மாத இறுதியில்தான் பலர்க்குக் கிடைக்கும். அதற்காகக் காத்திருந்து ஏப்ரல் 15ஐத் தவறவிட வேண்டா. அது வந்தபின், அதில் 2025க்கென உள்ள தொகை நீங்கள் 2ஆம், 9ஆம் வரிகளில் எழுதிய தொகைகளின் கூட்டோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வாவிடின் நிதி நிறுவனத்திடம் முதலிலும், சம்பளப் பிரிவிடம் அடுத்தும் கேளுங்கள்.